கத்தரி அக்கா சொல்லாமல் விட்டது

சீருடை தைக்கிற கம்பெனியில் அவளுக்குக் கத்தரி அக்கா என்று பெயர். துணி வெட்டுவது அவள் வேலை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி அவள் வாய். புதிதாக வந்த மேலாளர், துணி மிச்சம் பிடிக்கலாம் என்று சட்டை நீளத்தில் ஒன்றரை அங்குலம் குறைக்கச் சொன்னபோது, "பிள்ளைங்க கையைத் தூக்கினா தொப்புள் தெரியும். உங்க வீட்டுப் பிள்ளைக்கு இதைப் போட்டு அனுப்புவீங்கன்னா சொல்லுங்க, வெட்டுறேன்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவர் அளவு அட்டையைச் சுருட்டிக்கொண்டு இடத்தைக் காலி பண்ணினார். அறுபது அடுக்குத் துணியை மேசையில் விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, இடது கையில் இரும்பு வலைக் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் மெஷினை ஓட்டினால் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. அந்த மேசைக்கு வந்த முதல் பெண் அவள்தான். அதனால் அவள் வாய்க்கு ஒருவிதச் சலுகையும் இருந்தது.

கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டு வந்த இரண்டு பேரையும் கேள்வி கேட்டே விரட்டிவிட்டாள் என்று அண்ணி சொல்வாள். அதில் பொய் இல்லை. கூடப் பிறந்தவர்களில் மிச்சம் ஒரே அண்ணன். டைல்ஸ் கடை வைத்திருந்தான். அவனுக்கு ஒரே மகள். கல்லூரி பக்கத்தில் என்பதால் அந்தப் பெண் மூன்று வருஷம் அத்தை வீட்டில் தங்கித்தான் படித்தாள். ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, குளியலறைக் கதவு சரியாக மூடாது. யார் குளித்தாலும் மற்றவள் கதவுக்கு நாற்காலி முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருவரும் உலக விஷயம் எல்லாம் பேசித் தீர்த்தார்கள். "அம்மாகிட்ட சொல்ல முடியாததை அத்தைகிட்ட சொல்லலாம். அத்தை திட்டும், ஆனா பொய் சொல்லாது" என்று அவள் தோழிகளிடம் பெருமையடித்துக்கொள்வாள்.

கத்தரி அக்காவுக்கு நாற்பத்து நாலு வயது நடக்கும்போது மாடிப்படி பகையானது. கம்பெனியின் கட்டிங் பகுதி முதல் மாடியில். பதினெட்டுப் படி. அதுவரை துணி உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறியவளுக்கு, வெறுங்கையோடு ஏறினாலும் பத்தாவது படியில் கண் இருட்டியது. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் பெண், இவளுடைய ஒரே சிநேகிதி, "வயசாகுதுக்கா, ஒத்துக்கோ" என்று கிண்டல் செய்தாள். ஒருநாள் பன்னிரண்டாவது படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காஜாக்காரிதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

இதய டாக்டர் ஒரு பெண், அவசரப்படாமல் பேசுகிறவர். ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். "இதோ திறந்து மூடுதே, இது வால்வு. எல்லாருக்கும் இதுல மூணு இதழ் இருக்கும். உங்களுக்கு ரெண்டுதான்."

"ஒண்ணு தேஞ்சு போச்சா டாக்டர்?"

"இல்லம்மா. அம்மா வயித்துல உருவாகும்போதே ரெண்டாத்தான் உருவாகியிருக்கு. இத்தனை வருஷம் ஓடிடுச்சு, இப்ப இறுகுது. மாத்திரையோட கொஞ்ச காலம் பார்க்கலாம். ஒருநாள் மாத்த வேண்டி வரும்." பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "வீட்டுல வேற யாருக்காவது இதயக் கோளாறு இருந்ததா?"

"யாருக்கும் இல்லையே" என்றுதான் முதலில் சொன்னாள்.

"சின்ன வயசுல யாராவது இறந்திருக்காங்களா?"

அப்போதுதான் அவள் யோசித்தாள். அப்பா நாற்பத்தொரு வயதில், முகம் மழித்துக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னாலேயே சரிந்தார். வேலைப் பளு என்றார்கள். அப்பாவின் தங்கை கல்யாணத்துக்கு முன்பே போனாள். அவள் எப்போதுமே நோஞ்சான் என்றார்கள். இவளுக்கு ஏழு வயதில் ஒரு தம்பி பிறந்தான். பதினொரு நாள் இருந்தான். உதடும் நகமும் அவரைப் பூ நிறத்தில் இருந்தது இவளுக்கு நினைவிருந்தது. பால் புரையேறிவிட்டது என்றார்கள். ஒவ்வொரு சாவுக்கும் வீட்டில் ஒரு காரணம் தயாராக இருந்தது. எந்தக் காரணமும் இன்னொன்றோடு சேரவில்லை. அதனால் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "இது குடும்பத்துல ஓடுற விஷயம். எல்லாருக்கும் வரும்னு இல்லை, பத்துப் பேர்ல ஒருத்தருக்கு இருக்கலாம். உங்க வீட்டுக் கதையைக் கேட்டா அதுக்கு மேலயே இருக்கும் போல. ஒருத்தருக்கு வால்வோட நிக்கும். இன்னொருத்தருக்குப் பிறக்கிற பிள்ளைக்குப் பெரிய கோளாறா வரும். உங்க அண்ணன், அவர் பொண்ணு, ரெண்டு பேரும் இதயத்துக்கு எக்கோன்னு ஒரு ஸ்கேன் எடுக்கணும். வலிக்காது, கால் மணி நேர வேலை." ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாளே கடிதத்தோடு அண்ணன் கடைக்குப் போனாள். குழாய் இணைப்பே இல்லாத கழிப்பறைகளும், தண்ணீர் வராத ஷவர்களும் வரிசையாக நிற்கிற கடை. அண்ணன் கடிதத்தை இரண்டு முறை படித்தான். வாசலில் ஒரு கணவன் மனைவி வந்து நின்றார்கள். "வாங்க வாங்க, தரைக்கா சுவருக்கா?" என்று வாயெல்லாம் பல்லாக எழுந்து போனான். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தபோது முகம் கறுத்திருந்தது.

"நாலு மாசத்துல பொண்ணுக்குக் கல்யாணம். தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் உடனே வந்தேன்."

"மாப்பிள்ளையோட அம்மா எப்படிப்பட்டவங்கன்னு தெரியுமா? நம்ம பொண்ணு மூக்குக் கண்ணாடி போடுறதுக்கே, பிறக்கிற பிள்ளைக்கும் வருமான்னு கேட்டவங்க. இதய நோய்க் குடும்பம்னு காத்துல வந்தாலே போதும்."

"பொண்ணுகிட்ட மட்டும் சொல்லுவோம். அவ போய்ப் பார்த்துக்கட்டும்."

"அவளுக்குத் தெரிஞ்சா அவன்கிட்ட சொல்லுவா. அந்தப் பேச்சுக் கத்துக்கொடுத்ததே நீதானே? உள்ளது உள்ளபடி பேசணும்னு." அவன் கடிதத்தை நாலாக மடித்து அவள் கையிலேயே வைத்தான். "கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீ ஊரைக் கூட்டிச் சொல்லு. அதுவரைக்கும் வாயை மூடிட்டு இரு. உன்னை நான் வேற எதுவும் கேட்டதில்லை."

உண்மையில் அவன் வேறு எதுவும் கேட்டதில்லை. நாலு மாதத்தில் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று அவளும் நினைத்தாள். மனசுக்குள் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் பல வருஷம் கழித்துத்தான் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். கல்யாணம் நின்றால் அந்தப் பெண் முகத்தில் விழிக்க அவளுக்குத் தைரியம் இல்லை. உலகத்தில் அவள் பயப்படுகிற ஒரே முகம் அது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை கணக்கு வாத்தியார், மரியாதை தெரிந்தவர். கத்தரி அக்கா தன் கையால் வெட்டிய உடையில் பெண் நின்றபோது இவளுக்கு மூச்சு வாங்கியது. "அத்தை அழுகுது" என்று அவள் கேலி செய்தாள்.

பிறகு சொல்லலாம் என்றிருந்த நாள் நகர்ந்துகொண்டே போனது. புதுசாய்க் கல்யாணம் ஆனவளிடம் எப்படி? தனிக்குடித்தனம் போகட்டும். மாமியார் காலை உடைத்துக்கொண்டு படுத்திருக்கும் நேரத்தில் எப்படி? அவர் எழுந்து நடக்கட்டும். அண்ணனைக் கேட்டால், "நல்லாத்தானே இருக்கா, எதுக்குக் கிளர்றே?" என்பான். வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர், "அண்ணன் மகள் பார்த்துக்கிட்டாங்களா?" என்று கேட்பார். "பார்த்துக்கிட்டா டாக்டர், ஒண்ணும் இல்லையாம்" என்று இவள் சொல்வாள். முதல் தடவை சொல்லும்போது நாக்குக் குழறியது. இரண்டாம் தடவை குழறவில்லை.

இரண்டாம் வருஷம் அண்ணன் மகள் உண்டானாள். பிரசவ ஆஸ்பத்திரிக்கு முதன்முதலில் போகும்போது அத்தையும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். காத்திருக்கும் அறையில் சுவரோடு திருகிய பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவில் அவள், ஒரு பக்கம் அத்தை, மறுபக்கம் மாமியார். செவிலி ஒரு படிவம் கொடுத்திருந்தாள். மடியில் வைத்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"குடும்பத்தில் யாருக்காவது பிறவி இதயக் கோளாறு உண்டா." பேனா நின்றது. "அத்தை, நம்ம பக்கம் அப்படி யாரும் இல்லல்ல?"

மாமியார் தன் கைப்பையிலிருந்து தலையைத் தூக்கினார். சும்மாதான் தூக்கினார்.

"இல்லை" என்றாள் கத்தரி அக்கா.

அவள் 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணித் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்று கத்தரி அக்கா தீர்மானித்துக்கொண்டாள். போனைக் கையில் எடுத்தாள். எடுத்ததும் புதுச் சிக்கல் ஒன்று முளைத்திருந்தது. இப்போது நோயைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. காலையில் பொய் சொன்னேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளை என்று வைத்தாள். காஜாக்காரியிடம் மட்டும் ஒருநாள் உடைத்துச் சொன்னாள். "நீயாக்கா இப்படி?" என்றாள் அவள். அதுவே போதுமானதாக இருந்தது, கத்தரி அக்கா நாலு நாள் அவளோடு சேர்ந்து சாப்பிடாமல் இருக்க.

பெண் குழந்தை பிறந்தது. எடை சரி, நிறம் சரி, அழுகை எட்டு வீட்டுக்குக் கேட்டது. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தையின் உதட்டையும் நகத்தையும் கத்தரி அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இளஞ்சிவப்பு. தப்பித்தோம் என்று நினைத்தாள். நாமெல்லாம் வீணாகப் பயந்தோம் என்று அண்ணனிடம்கூடச் சொன்னாள்.

ஏழாம் நாள் முற்பகல், அவள் மெஷினை நிறுத்திவிட்டு வெட்டிய காலர்களைக் கட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணி போன் பண்ணினாள். பிள்ளை காலையிலிருந்து சரியாகப் பால் குடிக்கவில்லையாம். குடிக்க ஆரம்பித்தால் நெற்றி வியர்க்கிறதாம். மூச்சு வேகமாக வருகிறதாம். "ஒண்ணுமில்லை, பால் புரையேறியிருக்கும். தட்டிக் கொடுத்துத் தூங்க வச்சிருக்கோம்" என்றாள் அண்ணி.

தம்பிக்குச் சொன்ன அதே வார்த்தை. கத்தரி அக்கா காலர்களைக் கீழே போட்டாள். "தூக்கு. இதய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ. வேற எங்கயும் போகாதே. நான் நேரா அங்க வர்றேன்." கையுறையைக்கூடக் கழற்றாமல் படியிறங்கினாள்.

அவள் போய்ச் சேரும்போது குழந்தையை ஒரு பெரிய விளக்கின் கீழ் கிடத்தியிருந்தார்கள். சாம்பல் நிறம். இளம் டாக்டர் ஒருவர் குழந்தையின் கையில் நாடி பார்த்தார். பிறகு இரண்டு விரலைத் தொடை இடுக்கில் வைத்தார். அந்த விரல்கள் அங்கேயே ரொம்ப நேரம் நின்றன. "காலுக்கு ரத்தமே போகலை" என்று செவிலியிடம் சொல்லிவிட்டுத் திரும்பி, "குடும்பத்துல யாருக்காவது..." என்று ஆரம்பித்தார்.

கேட்டு முடிக்கும் முன் கத்தரி அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். தன் வால்வு, அப்பா, அப்பாவின் தங்கை, பதினொரு நாள் தம்பி. மருமகளும் மாப்பிள்ளையும் அண்ணனும் அண்ணியும் மாமியாரும் நிற்கிற அந்த இடத்தில், அத்தனை வருஷம் மென்று விழுங்கியதை ஒரே மூச்சில் சொன்னாள். டாக்டர் மட்டும்தான் தலையாட்டினார்.

இதயத்திலிருந்து உடம்புக்குப் போகிற பெரிய ரத்தக்குழாய், ஓரிடத்தில் நூல் கட்டி இறுக்கியதுபோல் குறுகியிருந்தது. பிறந்த சில நாளைக்கு வேறொரு சின்னக் குழாய் திறந்திருக்கும். அதுவரை பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். அது மூடியதும் இப்படி ஆகும் என்றார் டாக்டர். அந்தக் குழாயைத் திறக்க மருந்து ஏற்றினார்கள். சிறுநீரகம் அதற்குள் நின்றுபோயிருந்தது. அறுவைக்குத் தாங்கும் நிலைக்குக் குழந்தை வரவே இல்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டது.

டாக்டர் நல்லவர். பழி போட அவர் பேசவில்லை. அடுத்த பிள்ளைக்காகச் சொன்னார். "இனிமே முன்கூட்டியே பார்க்கலாம். அஞ்சாம் மாசத்துலயே வயித்துல இருக்கிற பிள்ளையோட இதயத்தை ஸ்கேன்ல பார்ப்போம். சந்தேகம் இருந்தா இங்கயே பிரசவம் வச்சு, பிறந்த நிமிஷமே மருந்தை ஆரம்பிச்சுடுவோம். நிறைய பிள்ளைங்க பிழைச்சுக்குறாங்க."

அவர் போனதும் நடையில் மருமகள், பிள்ளையைப் பார்க்க உள்ளே போனபோது கொடுத்த ஆஸ்பத்திரி உடையிலேயே, சுவரைப் பிடித்துக்கொண்டு அத்தைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"உன் கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து."

"அன்னிக்குப் படிவம் நிரப்பும்போது தெரியும்."

"தெரியும்மா."

"கேட்டேன்ல. பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன்ல."

கத்தரி அக்கா அண்ணன் பக்கம் திரும்பினாள். "உங்கப்பாதான் சொல்ல வேண்டாம்னு..."

அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நான் கல்யாணம் வரைக்கும்தான் சொன்னேன்."

அது உண்மை. மருமகளின் கண் ஒரு கணம் அப்பாவிடம் போய், திரும்ப அத்தையிடமே வந்து நின்றது. அப்பா மறைப்பார் என்பது அவளுக்குப் புதிதில்லை. டைல்ஸில் கீறல் இருந்தால்கூட அந்தப் பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைக்கிறவர். அவரை அவள் அந்த அளவில்தான் நம்பியிருந்தாள். அத்தையை முழுசாக நம்பியிருந்தாள்.

"போங்க" என்றாள். சத்தம் போடவில்லை.

அதன் பிறகு குடும்பமே வரிசையில் நின்று எக்கோ எடுத்தது. மருமகளுக்கும் இரண்டு இதழ்தான், தொந்தரவு இல்லாத அளவில். அண்ணனுக்கும் இரண்டு, கூடவே ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அப்பாவைப் போலக் கண்ணாடி முன்னால் சரிந்திருப்பான் என்றார்கள். பேத்தி போய் அவனைக் காப்பாற்றினாள். அறுவை முடிந்து அவன் படுத்திருந்த ஆறு வாரமும் மகள்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டாள். இதெல்லாம் கடையில் வேலை பார்க்கிறவர் வாய்வழியாகக் கத்தரி அக்காவுக்கு வந்து சேர்ந்தது. அவள் பார்க்கப் போனபோது அண்ணி கதவைப் பாதி திறந்து, "பொண்ணு உள்ள இருக்கா. நீ அப்புறமா வா" என்றாள். மாமியார் மட்டும் ஒருநாள் அவராகவே போன் பண்ணினார். "நான் இருந்ததாலதான் சொல்லலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "சொல்லியிருந்தா நான் கோபப்பட்டிருப்பேன். அதுக்கு மேல என்ன பண்ணியிருப்பேன்?" என்றார்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு பிற்பகல், மாப்பிள்ளை கம்பெனிக்கே வந்தார். வெட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, எதையும் தொடாமல் பேசினார்.

"அவளுக்கு இது நாலாம் மாசம். டாக்டர் குடும்பத்துல எல்லாரோட ரிப்போர்ட்டும் கேட்கிறாங்க. உங்களோடதுக்கு ஒரு நகல் வேணும்."

"அவ வரலையா?"

"கீழ வண்டியில இருக்கா."

ஜன்னல் மூன்றடி தூரத்தில்தான் இருந்தது. அவள் போகவில்லை. பையிலிருந்த கோப்பை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். பிறகு அளவு அட்டை வெட்டுகிற தடித்த தாள் ஒன்றை இழுத்து, நின்றபடியே எழுதினாள். அப்பா, நாற்பத்தொரு வயது, திடீரென்று. அப்பாவின் தங்கை, பத்தொன்பது, சின்ன வயதிலிருந்தே மூச்சு வாங்கும். தம்பி, பதினொரு நாள், உதடு நீலம். குழந்தை, ஒன்பது நாள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்துவிட்டு, தன்னைப் பற்றி ஒரு வரி சேர்த்தாள்: எனக்கு நாற்பத்து நாலில் தெரியும், சொல்லவில்லை.

மாப்பிள்ளை அதைப் படித்தார். "இந்தக் கடைசி வரி டாக்டருக்குத் தேவையில்லை அத்தை" என்றார் மெதுவாக.

"டாக்டருக்காக எழுதலை. அவ படிப்பா."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கீழே வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

பையன் பிறந்தான், இதய ஆஸ்பத்திரியிலேயே. வால்வில் இரண்டு இதழ். மற்றபடி எல்லாம் சரி, வருஷத்துக்கு ஒருதரம் காட்டினால் போதும். மாப்பிள்ளையிடமிருந்து இத்தனையும் ஒரு குறுஞ்செய்தியாக வந்தது. படம் இல்லை.

அதற்கு அடுத்த வருஷம் கத்தரி அக்காவின் வால்வை மாற்றினார்கள். ஒப்புதல் தாளில் காஜாக்காரி கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினாள். அண்ணன் ஒருநாள் பார்க்க வந்தான். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றித் தன் தழும்பைக் காட்டி, இப்படித்தான் ஆறும், பயப்படாதே என்றான். பேரன் எப்படித் தவழ்கிறான், எப்படிச் சிரிக்கிறான் என்று சொன்னான். "அவளும் சரியாயிடுவா, கொஞ்ச நாள் போகட்டும்" என்றான். போனை எடுத்துப் படத்தைத் தேடிக்கொண்டே கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "வேண்டாம். நீ காட்டி நான் பார்க்க மாட்டேன். அவ காட்டட்டும்."

"பிடிவாதம் உனக்கு இன்னும் போகலை."

"அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. போண்ணே."

மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். மெஷினைத் தூக்கக் கூடாது என்றுவிட்டார்கள். இப்போது அவள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, வேறு யாரோ வெட்டிய துணிகளை எண்ணி, எண் ஒட்டிக் கட்டுக் கட்டுகிறாள். யார் என்ன அளவு குறைத்தாலும் ஒன்றும் கேட்பதில்லை. புதிதாக வந்த பெண்களுக்கு அவளை ஏன் கத்தரி அக்கா என்று கூப்பிடுகிறார்கள் என்பதே புரிவதில்லை. அந்தப் பையனுக்கு நாலு வயதாகிறது. அவனுடைய பள்ளிக்கூடச் சீருடையை இந்தக் கம்பெனியில்தான் தைக்கிறார்கள் என்று காஜாக்காரி விசாரித்து வந்து சொன்னாள். அவனுக்கு எந்த அளவு என்று கத்தரி அக்காவுக்குத் தெரியாது.